எழுபத்து மூன்றாவது கட்டம்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து ஏதாவது பேச வேண்டும் என்று உங்கள் மேலதிகாரி கேட்டபோதே, அவர் எதிர்பார்ப்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் கட்டிய சிஸ்டங்கள், வாங்கிய கேடயங்கள், கடைசியில் கொஞ்சம் கண்ணீர். கேடயம் ஒன்றும் என்னிடம் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கொள்கலன் யார்டைக் கிட்டத்தட்ட கொளுத்தியிருக்கிறேன். அதைச் சொல்கிறேன். சாதனைக் கதை கேட்க வந்தவர்கள் எழுந்து போகலாம், வெளியே காப்பி வைத்திருக்கிறார்கள்.

பினாங்குப் பாலம் இன்னும் கட்டி முடியாத காலம். ஜார்ஜ் டவுனில், வெல்டு கீ என்ற துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத கம்பெனிகளுக்கு நாங்கள் எங்கள் மெஷினில் வேலை செய்து கொடுப்போம். அந்த வாடிக்கையாளர்களில் ஒன்றுதான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கொள்கலன் யார்டு. மெஷின் எங்களிடம், அதனோடு டெலிபோன் லைனில் இணைத்த பிரிண்டர் அவர்களிடம், நடுவில் கடல். தினமும் காலை எட்டு மணிக்கு எந்தப் பெட்டியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் புரோகிராம் முடிவு செய்து, அங்கே ஷீட்டாக அச்சடிக்கும். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். எழுதியது கோபோல் மொழியில். பொண்ணு ஆபீஸில் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் அம்மா "கோபோல் பாக்குது" என்று சொல்லப்போய், பக்கத்து வீட்டில் ஆறு மாதம் கோபால் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்தின் வாரிசு. கையெழுத்து அழகாக இருந்தால் பெண் கொடுக்கிற ஜனங்கள் நாங்கள். அவர் கையெழுத்து மிக அழகு. அதைத் தவிர அவரிடம் குறை சொல்ல முடியாத விஷயம் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

அந்த வருடம் மெஷினை விற்றவர்கள் கழுத்தில் டையோடு வந்து புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை இறக்கினார்கள். பழையதில் எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி என்று நாங்களே பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டும். புதியது தானே பிரித்துக்கொள்ளும். அதோடு, இல்லாத மெமரியை இருப்பதாகவும் காட்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதில் மேனேஜருக்கு முன்னனுபவம் இருந்ததால், அது அவருக்கு உடனே பிடித்துப் போயிற்று.

புது சிஸ்டத்தோடு துளை போட்ட அட்டைகள் போய்த் திரை வந்தது. ஆனால் திரையிலும் ஒரு வரிக்கு எண்பது கட்டங்கள்தான், ஏனென்றால் அட்டையில் எண்பது இருந்தது. அதில் கடைசி எட்டைக் கம்பைலர், அதாவது நாங்கள் எழுதியதை மெஷினின் மொழிக்கு மாற்றுகிற புரோகிராம், படிக்காது. அட்டைக் காலத்தில் அந்த எட்டில் வரிசை எண் இருக்கும். யாராவது தட்டோடு கீழே போட்டுவிட்டால் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். அட்டை ஓய்வு பெற்றுப் போய்விட்டது, அந்த எட்டுக் கட்டத்துக்கு மட்டும் பென்ஷன் தொடர்ந்தது. எழுபத்து மூன்றாவது கட்டத்திலிருந்து நீங்கள் எதை எழுதினாலும் கம்பைலர் அதை வரிசை எண் என்று நினைத்து, மரியாதையாக ஒதுங்கிப் போகும். உங்களைத் திட்டவும் செய்யாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக விளங்கும்.

அதே சமயத்தில் மேனேஜர் சிங்கப்பூரில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு தத்துவத்தோடு திரும்பினார்.

"புரோகிராம டைரக்டர் எடுத்துப் படிச்சாலும் புரியணும். சுருக்கெழுத்து எல்லாம் இனிமே கிடையாது. பேரெல்லாம் முழுசா, நீளமா இருக்கணும்."

எந்த டைரக்டரும் எங்கள் புரோகிராமை அதுவரை படித்ததில்லை. அதன் பிறகும் படிக்கவில்லை. ஆனால் நாங்கள் ஐந்து பேர், படிக்காத டைரக்டருக்காக முப்பது எழுத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து விரல் வீங்கினோம்.

அப்போதுதான் நான் புத்திசாலியானேன். ஒரு பிரிபிராசஸர் எழுதினேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கம்பைலருக்கு முன்னால் நிற்கிற வாசல்காரன் அது. நாங்கள் மூன்று எழுத்தில் சுருக்கமாக எழுதினால், அகராதியைப் பார்த்து அதை நீளமாக விரித்துக் கம்பைலரிடம் கொடுக்கும். எங்களுக்குச் சுருக்கம், டைரக்டருக்கு நீளம். அதற்கு 'ராஜி' என்று பெயர் வைத்தேன். என் பெயர் ராஜேஸ்வரி. "ராஜில போட்டாச்சா?" என்று ஆபீஸில் ஒருவரை ஒருவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிரும். வயது இருபத்தெட்டு. தலையில் கனம், கண்ணில் மறைப்பு, எல்லாம் சரியான அளவில் இருந்தன.

விரித்த வரி எழுபத்திரண்டாவது கட்டத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ராஜி பார்க்காது. அதைப் பார்க்கச் சொல்லிப் பத்து வரி எழுதியிருந்தால் போதும். அவ்வளவு நீளமாக யார் எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். விரித்த பிரதியைத் தினமும் அச்சடிப்பதும் பேப்பர் வேஸ்ட் என்று நானே நிறுத்திவைத்தேன். மேனேஜர் அதைப் பாராட்டினார். அவர் பாராட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அகராதியைப் புரட்டிவிட்டு, சரக்கின் வகையைக் குறிக்கும் பெயரில் 'ஆபத்து' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்க்கச் சொன்னார். டைரக்டருக்குப் புரியும் என்றார். அகராதியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்திய புரோகிராம்களை எல்லாம் மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு எரர் இல்லை. ஒரு வரி மாற்றத்துக்கு டெஸ்ட் எதற்கு? கம்பைலரே வாயைத் திறக்கவில்லையே. சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், போன் அடித்தது. யார்டிலிருந்து காதர் அண்ணன். அங்கே அவர் செக்கர். ஷீட்டையும் பெட்டியையும் ஒத்துப் பார்த்து, கிரேனுக்குக் கை காட்டுவது அவர் வேலை. மூன்று வருடமாகப் போனில் மட்டும் பழக்கம்.

"தங்கச்சி, உங்க ஷீட்டு குளோரின் பெட்டியக் கொண்டுபோய்த் தின்னர் பெட்டி பக்கத்துல வைக்கச் சொல்லுதுலா."

நீச்சல் குளத்தில் போடுகிற குளோரின் தூள் சும்மா இருக்கும்வரை சாது. பெயிண்டில் கலக்கிற தின்னரோ எண்ணெயோ அதன்மேல் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். அதனால் இரண்டையும் எட்ட எட்ட வைக்க வேண்டும் என்பது யார்டின் முதல் விதி. என் புரோகிராமிலும் அது முதல் விதி.

"அப்படி வராது அண்ணே. சிஸ்டம் வகையைப் பாத்துத்தான் இடம் குடுக்கும்."

"வந்துருக்கே."

"அப்ப பெட்டியோட வந்த பேப்பர்ல வகைய தப்பா அடிச்சிருப்பாங்க."

"பேப்பரு என் கையிலதான் இருக்கு. வகை அஞ்சு, எரிய வைக்கிற சரக்கு. சரியாத்தான் அடிச்சிருக்கு."

இதற்குப் பிறகு நான் சொன்னதை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. "அப்ப ஷீட்டுல உள்ளபடி வைங்க அண்ணே. சிஸ்டம் நமக்குத் தெரியாததெல்லாம் கணக்கு பாத்துத்தான் சொல்லும்." அந்தச் சிஸ்டத்தை எழுதியது நான். எனக்குத் தெரியாத எதுவும் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட நான் இதை அவரிடம் சொல்கிறேன்.

"உங்க மெஷினுக்கு மூக்கு கிடையாது தங்கச்சி. எனக்கு இருக்கு. இத நான் தூக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

அன்று சிங்கப்பூரிலிருந்து நான்கு விருந்தாளிகள் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். மேனேஜர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், டேப் சுழல்வதை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் யார்டின் கிரேன் மேற்பார்வையாளர் அவருக்கே போன் செய்துவிட்டார். கிரேன் நிற்கிறது, மத்தியானம் கப்பல். மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"மிஸ் ராஜி, யாரு இந்தக் காதர்? ஆறாம் வகுப்பு படிச்ச செக்கர் மெயின்ஃபிரேம எதிர்த்துப் பேசுறானாம். அவன் சொல்றது தப்புன்னு பேப்பர்ல காட்டுங்க. இப்பவே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கும் ஆபத்து வருமோ என்று நான் லிஸ்டிங்கை, அதாவது புரோகிராமின் அச்சுப் பிரதியை, கேட்கவில்லை. காதர் அண்ணனை மடக்கக் கேட்டேன். மெஷின் அறையில் சியூ லிங் இருந்தாள், ஆபரேட்டர். ராஜி விரித்த பிரதியை முழுசாக அச்சடிக்கச் சொன்னதும் அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"பேப்பர் வேஸ்ட்னு நீதானே சொன்னே?"

"அடிச்சுக் குடு."

கனமான கட்டு ஒன்று வந்தது. புரட்டினேன். அந்த வரி கிடைத்தது. நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இதுதான்: எரியும் சரக்காக இருந்தால், அல்லது எரிய வைக்கும் சரக்காக இருந்தால்; அடுத்த வரியில், அதற்குரிய தனி இடத்துக்கு அனுப்பு. திங்கட்கிழமை சேர்த்த 'ஆபத்து' வரியை நீட்டியிருந்தது. 'எரியும் சரக்காக இருந்தால்' என்பது எழுபத்தோராவது கட்டத்தில் கச்சிதமாக முடிந்தது, அடுத்த கட்டம் இடைவெளி. 'அல்லது' எழுபத்து மூன்றாவது கட்டத்தில் தொடங்கியது.

ஒரு கட்டம் முன்னால் விழுந்திருந்தால், 'அல்லது'வின் முதல் எழுத்து மட்டும் உள்ளே மாட்டியிருக்கும், கம்பைலர் ஊரைக் கூட்டியிருக்கும். அப்படி நடக்கவில்லை. நடுவில் வெட்டுப்பட்ட வாக்கியம் முழு வாக்கியமாகவே இருந்தது. கம்பைலர் பாதியைப் படித்தது, மீதியை வரிசை எண் என்று நினைத்தது, எரர் இல்லை என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தது. குளோரின் நான்கு நாளாகப் பருத்தித் துணி, பிஸ்கட் டின் போலச் சாதாரணச் சரக்கு. கிடைத்த இடத்தில் வை, தின்னருக்குப் பக்கத்திலானாலும் சரி.

திங்கள் சாயந்திரம் மாற்றியது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நான்கு ஷீட் போய்விட்டன. முதல் மூன்றின்படி பெட்டிகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கும். காதர் அண்ணன் பிடித்தது இன்று வந்த ஒரு பெட்டியை. எல்லா ஷிஃப்டிலும் அவரே இருக்க முடியாது.

மேனேஜரை நடைபாதைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது, அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே மெதுவாகப் பேசினார்.

"சரி பண்ணிட்டு புது ஷீட் அனுப்புங்க. வேற யாருகிட்டயும் பேச வேணாம். நாலு நாளா ஒண்ணும் ஆகலல்ல? இவங்க போனப்புறம் மெதுவா பாக்கலாம்."

"எப்ப சார் போவாங்க?"

"லஞ்ச் இருக்கு."

அந்த நிமிடத்தில் நான் வீராங்கனையாகப் பொங்கி எழுந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சரி செய்ய அரை மணி நேரம். யாருக்கும் தெரியாது, என் பெயர் வைத்த கருவிக்கு ஒரு கீறல் விழாது. மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்து, அகராதியைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: புது ஷீட் இனி வருகிற பெட்டிக்குத்தான் இடம் சொல்லும். ஏற்கெனவே தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெட்டியைப் பற்றி அது வாயே திறக்காது. லஞ்ச் முடிகிறவரை அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

போனை எடுத்தேன்.

"அண்ணே, ராஜி. நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. நாலு நாளா வந்த ஷீட்டு எல்லாமே தப்பா இருக்கலாம்."

அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தன பெட்டி?" என்றார்.

"தெரியல. லிஸ்ட் எடுத்துக்கிட்டு வர்றேன்."

"வாங்க. நான் இப்பவே ஆளுங்கள வெளிய அனுப்பிர்றேன்."

தேடிப் பார்க்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். ராஜியைத் தொடவில்லை, ஒவ்வொரு சொல்லையும் முழுசாகத் தட்டினேன். ஒன்பது பெட்டி எண்கள் வந்தன. லிஸ்டை யார்டு பிரிண்டருக்கு இங்கிருந்தே அனுப்பலாம், அனுப்பினேன். ஆனால் நான்கு நாளாகப் பொய் சொன்ன அதே பிரிண்டரில், அதே எழுத்தில் வருகிற இன்னொரு பேப்பரை அவர் ஏன் நம்ப வேண்டும்? லிஸ்டிங் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபெரித் துறைக்கு ஓடினேன். மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் கத்த முடியாது என்பதால் கையை மட்டும் ஆட்டினார். நானும் டாட்டா காட்டினேன்.

ஃபெரி எப்போதும் போகிற வேகத்தில்தான் போயிற்று. தூரத்தில் பாலத்தின் தூண்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு குடும்பம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. பட்டர்வொர்த் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தபடியே நின்றேன். ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்த்து இரண்டு முறை தீ என்றே நினைத்துவிட்டேன்.

மூன்று வருடமாக அந்த யார்டுக்கு இடம் ஒதுக்கியவள், அன்றுதான் அந்த யார்டை முதல் தடவையாகப் பார்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெட்டி அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. என் புரோகிராமில் அது பதினொரு எழுத்துள்ள ஒரு பெட்டி எண், அவ்வளவுதான்.

காதர் அண்ணன் ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், ஹெல்மெட்டுக்குள் துண்டு. லிஸ்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனார். "இது தனியா கிடக்கு. இது நேத்தே லாரில போயிருச்சு. இது பரவால்ல..." ஏழு பெட்டிகள் அதிர்ஷ்டத்தால் தப்பித்திருந்தன. எட்டாவது இரண்டு தின்னர் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது, ஆனால் எல்லாம் உலர்ந்து கிடந்தன. ஒன்பதாவதுக்குப் போகும் வழியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

"என்னண்ணே?"

"போங்கன்னா போங்க."

தின்னர் பெட்டியின் கதவுக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது தரையில் ஓடி, குளோரின் பெட்டியை நோக்கிப் போயிருந்தது. பெட்டிக்கும் ஈரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்ததாகப் பிறகு சொன்னார். போம்பா, தீயணைப்பு வண்டி, வந்தது. முதலில் குளோரின் பெட்டியைத் தூக்கி எட்டக் கொண்டுபோய் வைத்தார்கள், பிறகு மண் கொட்டினார்கள். இரண்டு மணி நேரம் நான் கேட்டுக்கு வெளியே பேப்பர் கட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். தீ எதுவும் இல்லை. கதையில் தீ வரும் என்று காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

எல்லாம் முடிந்து அவர் வெளியே வந்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும்" என்றார். கோபமாகத்தான் இருந்தார். "அந்த வரிசையில இன்னிக்குக் காலையில நாலு பேரு வேல பாத்தானுங்க. ஒருத்தன் என் மச்சான். காலையில போன்ல என்ன சொன்னீங்க? ஷீட்டுல உள்ளபடி வைங்கன்னீங்க. நான் வேணாம்னு சொன்னா எழுதறதுக்கு அந்த ஷீட்டுல ஒரு இடமாச்சும் இருக்கா?"

இல்லை. நான் வைக்கவில்லை. தோன்றவே இல்லை.

இப்போது அலுவலக நீதிக்கு வருவோம். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். மேனேஜர் தன் அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதினார்: 'மனிதத் தவறு ஒன்று, சிஸ்டத்தின் உதவியால் உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.' யார்டிலிருந்து காதர் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. மேலிட உத்தரவை மீறிக் கிரேனை நிறுத்தினாராம்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சியூ லிங்தான் எனக்குச் சொன்னாள். ஒரே பக்கத்தில் நடந்ததை எழுதினேன். தப்பு என்னுடையது, கருவி என்னுடையது, சோதிக்காமல் விட்டது நான், கண்டுபிடித்தது காதர். லிஸ்டிங்கின் அந்தத் தாளில் எழுபத்து மூன்றாவது கட்டத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு இணைத்தேன். மேனேஜரைக் கேட்காமல் மறுபடி ஃபெரி ஏறி, யார்டின் தலைவர் கையிலேயே கொடுத்தேன். சில வாரங்களில் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருத்தம் தெரிவித்தார்களா என்று கேட்காதீர்கள், அது அலுவலகம்.

எனக்குக் கிடைத்தது இடமாற்றம். புரோகிராம் எழுதுவதிலிருந்து எடுத்து, நடைமுறைக் கையேடு எழுதும் மூலைக்கு அனுப்பினார்கள். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதால் அதைவிடப் பெரிய தண்டனை கம்பெனியில் கிடையாது. மேனேஜர் படிப்படியாக ஜெனரல் மேனேஜர் ஆனார். பாதுகாப்பைப் பற்றி மேடைகளில் பேசினார், நன்றாகவே பேசினார்.

யாரும் படிக்காத இடத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு, தம்பி தங்கச்சிகளே. யார்டு ஷீட்டைப் பற்றிய அத்தியாயத்தில் நான் ஒரு பத்தி சேர்த்தேன். ஷீட்டின் அடியில் செக்கருக்கு இரண்டு கோடுகள் இருக்க வேண்டும். ஒன்று ஏற்க, ஒன்று காரணம் எழுதி மறுக்க. மறுத்தால் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது, எங்கள் ஆபீஸிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அத்தியாயம் கட்டோடு கட்டாக ஒப்புதலுக்குப் போயிற்று. மேனேஜர் ஒரு பக்கமும் புரட்டாமல், ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் அந்த அழகான கையெழுத்தைப் போட்டார். கையேட்டில் இருப்பதால் புரோகிராமர்கள் ஷீட்டை மாற்றினார்கள். ராஜிக்கும் அந்தப் பத்து வரியை எழுதினார்கள்.

காதர் அண்ணன் ஓய்வு பெறும்வரை ஆறு தடவை அந்த இரண்டாவது கோட்டில் எழுதினார். இரண்டு தடவை எங்கள் ஷீட் தப்பு. நான்கு தடவை அவர் தப்பு. இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவரைச் சாமியாக்கிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த நான்கில் ஒரு தடவை, ஏதோ ரசாயன நாற்றம் என்று எழுதிக் கிரேனை நிறுத்திவிட்டார். போய்த் திறந்து பார்த்தால் பெட்டி நிறையப் பெலாச்சான்.

ஜெனரல் மேனேஜரே எனக்குப் போன் செய்தார். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்தது.

"மிஸ் ராஜி! பெலாச்சானுக்குக் கிரேன நிறுத்தியிருக்கான்! எறா பேஸ்டுக்கு! மறுக்கலாம்னு இவனுக்கு எவன் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றேன். "பதினாலாவது அத்தியாயம். கீழ உங்க கையெழுத்து இருக்கு."